பச்சை உறைக்குள் இருந்த கட்டு

சர்க்கரை எவ்வளவு, முட்டி எப்படி இருக்கிறது, மருமகள் பேசுகிறாளா என்ற மூன்று கேள்விகளும் முடிந்தபிறகு, நம் வயதுக்காரர்கள் கூடினால் பேச்சு பூனாவில் நாம் வளர்ந்த பழைய காம்ப்புக்குத்தான் போகிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "ஒங்க லைன்ல குதிரை லாயத்துக் கவிஞர் ஒருத்தர் இருந்தாரே, அவரோட புஸ்தகம் கடைசியில வந்துதா?" பஸ் வந்துவிட்டது என்று சொல்லி நழுவிவிட்டேன். பஸ் வரவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

கோந்த்வாவுக்கும் விஷ்ராந்த்வாடிக்கும் சிதறிப்போன உங்களில் பாதிப் பேருக்கு எங்கள் லைன் மறந்திருக்கும். காம்ப்பில் பேக்கரிச் சந்துக்குப் பின்னால் எட்டு அறைகள் வரிசையாக நின்ற ஓட்டுக் கட்டடம். முன்னால் மரக் காலரி, கோடியில் எல்லாருக்குமாக ஒரே குழாய். அறைக்கும் அறைக்கும் இடையிலிருந்த சுவர் ஓடு வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் வெறும் இடைவெளிதான். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். ஐந்தாவது அறை எங்களுடையது. அப்பா ராணுவ அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோ. அம்மா திருநெல்வேலிப் பக்கத்துச் சபைக் குடும்பத்துப் பெண். பூனாவுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் கொத்தமல்லி வாங்கப் போதுமான இந்திக்கு மேல் அவள் கற்றுக்கொள்ளவில்லை. நான் ஒரே பிள்ளை. எழுபதுகள் முடியப்போகிற நேரம், எனக்குப் பத்து வயது.

ஆறாவது அறையில் இருந்தவரை எல்லாரும் ஷாயர் சாப் என்பார்கள். ஷாயர் என்றால் கவிஞர். எனக்கு அவர் சாச்சா, அவர் மனைவி சாச்சி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாச்சா உருதுவில் கஸல் எழுதுகிறவர், ஆனால் சோறு போட்டது குதிரைதான். ரேஸ் கோர்ஸில் ஒரு லாயத்தில் அவர் முன்ஷி. எந்தக் குதிரைக்கு எவ்வளவு கொள்ளு, எதற்கு லாடம் தேய்ந்திருக்கிறது, எது நேற்றிலிருந்து தவிட்டைத் தொடவில்லை என்று எழுதி வைப்பது வேலை. மழைக்காலம் தொடங்கினால் பம்பாய்க் குதிரைகளெல்லாம் பந்தயத்துக்காக பூனாவுக்கு வந்துவிடும். அந்த நாலு மாதமும் சாச்சாவுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கவிதையும் அந்த நாலு மாதத்தில்தான் அதிகம் வரும்.

அவர் எழுதும் விதமே தனி. விடியற்காலையில் குதிரைகளை நடக்க விடுவார்கள். முன்ஷிக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் இவர் போவார். ஈர மண்ணில் குளம்புகள் விழும் தாளத்துக்கு அடிகளை வைத்துப் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பார். வலது கை விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும். திரும்பி வரும்போது அவரிடம் நனைந்த வைக்கோல் வாசனை வரும். காலரியில் உட்கார்ந்து சாச்சி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, நாணல் பேனாவால் கறுப்பு மையில் எழுதுவார். கஸலில் கடைசி ஈரடியில் கவிஞர் தன் புனைபெயரைச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். அந்தப் பெயரை மட்டும் சிவப்பு மையில் எழுதுவார். எழுதியதோடு முடியாது. ஒரு வார்த்தையை மாற்றுவார், நாலு நாள் கழித்து மறுபடி மாற்றுவார், ஒரு மாதம் கழித்து முதலில் இருந்ததையே கொண்டுவந்து வைப்பார். முடிந்தது என்று மனசுக்குப் பட்டால்தான் நல்ல தாளில் எழுதித் தன் காகிதக் கட்டோடு சேர்ப்பார். பழைய தாள்கள் அடுப்புக்குப் போகும். அந்தக் கட்டுக்குச் சாச்சி தன் கல்யாணத் துணியில் மிஞ்சிய பச்சை சாட்டினில் ஓர் உறை தைத்திருந்தாள், வாயில் நாடா வைத்து. முப்பது வருஷக் கவிதை அதற்குள் இருந்தது. வேறு பிரதி எங்கும் கிடையாது.

ஏன் கிடையாது என்று கேட்பீர்கள். சாச்சாவுக்கு ஒரு மாணவன் இருந்தான். நான் பிறப்பதற்கு முன்பே வந்து போனவன். இவரிடம் ஏழு வருஷம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, பம்பாய்க்குப் போய், இவருடைய கஸல்கள் பத்துப் பன்னிரண்டில் கடைசி அடியின் பெயரை மட்டும் எடுத்துவிட்டுத் தன் பெயரை வைத்துக் கூட்டங்களில் படித்தானாம். பேரும் வாங்கினானாம். அன்றிலிருந்து சாச்சா யாரையும் எதையும் எழுதிக்கொள்ள விடமாட்டார். கேட்கலாம், தலையாட்டலாம், "வாஹ்" சொல்லலாம். பென்சிலை எடுத்தால் வாயை மூடிவிடுவார். இத்தனைக்கும் எங்கள் அப்பா சுருக்கெழுத்துக்காரர். அதிகாரிகள் மூச்சுவிடாமல் பேசுவதை ஒரு சொல் சிந்தாமல் பிடிப்பவர். அவரும் மாலையில் பக்கத்து அறையில் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். அப்பா எங்களுக்குத் தமிழில் சொன்ன ஒன்று இன்னும் நினைவிருக்கிறது:

ஜெயித்த குதிரைக்கும் தோற்ற குதிரைக்கும் மாலையில் ஒரே கொள்ளுதான்;
ஜெயித்தது நீ என்று அவற்றிடம் யார் போய்ச் சொல்வது?

அப்பா இதைச் சொன்னபோது அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "குதிரைக்குத் தெரியாட்டா என்ன, குடிச்சிட்டு எழுதுனவனுக்குத் தெரியுமே" என்றாள்.

இது அம்மாவின் தீராத எண்ணம். சுவர் இடைவெளி வழியாக வருகிற கஸலில் "ஷராப்" என்ற சொல் அடிக்கடி விழும். ஷராப் என்றால் மது என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்த முப்பது இந்திச் சொற்களில் அதுவும் ஒன்று. ஊரில் அவளுடைய சித்தப்பா ஒருவர் குடித்தே வயலை அழித்தவர். அதனால் பக்கத்து அறையில் தினமும் பாட்டில் திறக்கிறது என்றும், அப்பா அங்கே போய்க் கெடுகிறார் என்றும் அவள் முடிவு கட்டிவிட்டாள். சாச்சா வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. கஸல் என்றால் மதுவைப் பற்றிச் சொல்லாமல் தீராது, அது அவர்கள் மரபு என்று அப்பா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். "மரபாம்ல! தொடாததைப் பத்தி எவனாவது ராத்திரியும் பகலும் பாடுவானா?" என்பாள் அம்மா. இதில் அவளோடு வாதாட முடியாது.

ஆனால் சாச்சியிடம் அம்மாவுக்குத் தனி மதிப்பு. காரணம் அந்தப் பெட்டி. நம் சந்து முனையில், மசூதிச் சுவரில் பச்சை அடித்த தகரப் பெட்டி ஒன்று தொங்கியது உங்களில் சிலருக்காவது ஞாபகம் இருக்கும். கிழிந்துபோன குர்ஆன் தாள், இறைவன் பெயர் உள்ள கல்யாணப் பத்திரிகை, பழைய உருதுப் பேப்பர் என்று காலில் மிதிபடக்கூடாத காகிதங்களையெல்லாம் அதில் போடுவார்கள். பெட்டி நிறைந்ததும் மூட்டை கட்டி, கல் சேர்த்து, ஓடுகிற ஆற்றில் இறக்குவார்கள். அதைக் 'குளிர வைப்பது' என்று சொல்வார்கள். சாச்சி தெருவில் ஒரு துண்டுத் தாள் கிடந்தாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றி அதில் போடுவாள். அம்மா அதைக் காட்டி என்னிடம் சொல்லுவாள்: "பாத்தியாட்டீ, அவிய வேதத்துக்கு எவ்வளவு மரியாதை வச்சிருக்காவன்னு. நம்ம சபையில பழைய பாட்டுப் பொஸ்தகத்தைக் கடலைக்காரன்ட்ட போட்டுட்டாவ."

அந்த வருஷம் மழை தொடங்கும்போது சாச்சாவின் புத்தகம் வரப்போகிறது என்று லைன் முழுவதும் பேச்சு. குதிரைச் சொந்தக்காரர் ஒருவர் அச்சுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருந்தார். உருதுப் புத்தகத்தை அப்போதெல்லாம் அச்சுக் கோப்பதில்லை. காத்திப் என்னும் எழுத்தர் அழகாகக் கையால் எழுதித் தருவதைத்தான் அச்சடிப்பார்கள். பம்பாயிலிருந்து காத்திப் ரேஸ் முடியும் சமயம் வந்து தங்கி எழுதுவதாக ஏற்பாடு. புத்தகமாகிவிட்டால் கவிதை தன்னுடையது என்று ஆகிவிடும், பிறகு யார் திருடினாலும் கவலையில்லை என்று சாச்சா அப்பாவிடம் சொன்னார். அதற்காகத்தான் முப்பது வருஷம் காத்திருந்தார்.

காத்திப் வருகிறான் என்று தெரிந்ததும் அவருடைய பயம் அதிகமாகிவிட்டது. வீட்டுக்கு வருகிற நண்பர்கள் எல்லாருமே உருது தெரிந்தவர்கள். அதிலும் ஒருவர், கவிதைக் கட்டை ஒரு நாள் கொடுங்கள் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். ஒரு நாள் மாலை சாச்சா பச்சை உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா குழாயடியில் இருந்தாள். அவர் பேசியது உருது. எனக்கு வந்த தமிழில் தருகிறேன்.

"உங்கள் வீட்டில்தான் இது பத்திரமாக இருக்கும், ஸ்டெனோ சாப். உங்கள் வீட்டில் இதைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை."

மூவரும் சிரித்தோம். நான் எதற்குச் சிரித்தேன் என்று தெரியாது, பெரியவர்கள் சிரித்தார்கள் என்பதால் இருக்கும்.

அப்பா அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்த கறுப்பு டிரங்குப் பெட்டியில் வைத்தார். அதில் பழைய ராணுவ பூட்ஸ், டார்ச், கயிறு என்று அவருடைய சாமான்கள்தான் இருக்கும், அம்மா அதைத் தொடுவதில்லை. உறையை அடியில் வைத்து மேலே பூட்ஸை அடுக்கினார். "குடிகாரப் பாட்டை வீட்டுக்குள்ள வச்சிருக்கேன்னு தெரிஞ்சா ஒங்கம்மா ஊரக் கூட்டிருவா. நீ மூச்சுவிடக் கூடாது, என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். பெரியவர்கள் என்னையும் ஒரு ஆளாக மதித்து ஒன்றை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

பத்து நாளில் ஊரிலிருந்து தந்தி வந்தது. பெரியப்பா படுத்துவிட்டார். அப்பா கிடைத்த ரயிலில் ஏறிப் போனார். வாரம் ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தாகியது. பெரியப்பா போய்ச் சேர்ந்து, காரியங்கள் முடிந்து, பாகப் பேச்சு இழுத்துக்கொண்டே போனது.

இங்கே மழை விடவில்லை. சுவரில் ஈரம் ஏறியது, தீப்பெட்டி பற்றவில்லை, என் பள்ளிக்கூடச் சீருடையை அம்மா அடுப்புக்கு மேல் பிடித்துக் காயவைத்தாள். ஒரு மதியம் கட்டில் இருந்த மூலையில் ஓடு ஒழுக ஆரம்பித்தது. கட்டிலை நகர்த்தினால் டிரங்குப் பெட்டியைச் சுற்றித் தண்ணீர். பெட்டியின் அடித்தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அம்மா திறந்து பூட்ஸை எடுத்து வெளியே போட்டாள். அடியில் பச்சை உறை, ஒரு பக்கம் நனைந்து, மேலே பூட்ஸின் அச்சு பதிந்து, பூஞ்சை பூத்து. நாடாவை அவிழ்த்தவள், மசூதிச் சுவரில் பார்த்த அதே எழுத்தைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யேசுவே! இது அவிய வேதம்லா! இதை எங்கயிருந்து கொண்டாந்து பூட்ஸுக்கு அடியில போட்டு வச்சிருக்காவ இந்த மனுசன்?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏட்டீ, இது யாருது? ஒனக்குத் தெரியுமா?"

நான் தலையாட்டிக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அப்பாவின் ரகசியத்தைக் காப்பாற்றும் நேரம் இதுதான் என்று தோன்றியது.

"தெரியாதும்மா" என்றேன்.

நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். எனக்கு எல்லாம் தெரியும். உறைக்குள் இருப்பது சாச்சாவின் கவிதை என்று தெரியும். வேதம் இல்லை என்றும் தெரியும். அம்மா அதை என்ன செய்யப் போகிறாள் என்று மட்டும் தெரியவில்லை.

அம்மா சாச்சியிடம் கேட்டிருக்கலாம். ஒரு சுவர்தான் நடுவில், அதுவும் பாதிச் சுவர். ஆனால் இன்னொருவருடைய வேதம் தன் புருஷனின் பூட்ஸுக்கு அடியில் கிடந்தது என்று அவள் எந்த வாயால் சொல்லுவாள்? அவளுடைய வேதப்புத்தகம் பீரோவின் மேல்தட்டில் இருக்கும். அதன்மேல் ஒரு சீப்பு வைத்தால்கூட எனக்கு அடி விழும். தனக்கு வந்த அவமானத்தைவிட, சாச்சி கேட்டால் மனசு நொந்துபோவாளே என்றுதான் அவள் பயந்தாள். கேட்காமல், யாருக்கும் தெரியாமல், அவர்கள் செய்கிற முறைப்படியே மரியாதையாக அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். இன்று யோசித்தால் அதைவிட நல்ல மனசு இருக்க முடியாது. அந்த நல்ல மனசுதான் சாச்சாவை முடித்தது.

முகம் கழுவி, சபைக்குப் போகிற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். குடைக்குள் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு சந்து முனைக்கு வந்தாள். மதியத் தொழுகை முடிந்து யாரும் இல்லை. பெட்டியின் வாய் தபால்பெட்டி வாய் அளவுதான் இருந்தது. கட்டு நுழையவில்லை. அதனால் உறையிலிருந்து எடுத்துப் பத்துப் பத்துத் தாளாகப் போட வேண்டியதாயிற்று. அம்மா குடையையும் உறையையும் பிடித்துக்கொண்டாள். போட்டது நான்.

ஓரம் நனைந்திருந்ததே தவிர எழுத்து கலையவில்லை. ஒவ்வொரு தாளிலும் அடிகள் இரண்டிரண்டாக, வலப்பக்கம் ஒரு வரிசை, இடப்பக்கம் ஒரு வரிசை, நடுவில் மேலிருந்து கீழ்வரை வெள்ளை இடைவெளி. அம்மா குனிந்து பார்த்தாள்.

"பாரு, நம்ம வேதம் மாதிரியே ரெண்டு பத்தி" என்று மெதுவாகச் சொன்னாள். "நாம இயேசு சொன்னதச் செவப்புல அச்சடிக்கிற மாதிரி அவியளும் கடைசியில செவப்புல எழுதியிருக்காவ பாரு."

எல்லாத் தாளின் கீழேயும் அந்தச் சிவப்புப் பெயர் இருந்தது. அது சாச்சாவின் பெயர். நான் சொல்லியிருக்கலாம். அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது, முக்காடு போட்டிருந்தாள், ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் 'இது ஷராப் பாட்டு' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அப்பா மாட்டிக்கொள்வார், பொய் சொன்னதற்கு எனக்கும் அடி விழும். கடைசிப் பத்துத் தாளையும் போட்டேன். தாள்கள் உள்ளே விழுந்த சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது.

உறையை மட்டும் அம்மா போடவில்லை. துணியை ஏன் ஆற்றில் விட வேண்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து, துவைத்து, அடுப்புக்கு மேல் காயவைத்து, இஸ்திரி போட்டு, பீரோவில் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தாள்களைப் பெட்டியில் போட்டு மூன்று வாரம் கழித்துத்தான் அப்பா திரும்பி வந்தார். காத்திப்பும் வந்துவிட்டிருந்தான், மை, கோல், மஞ்சள் தாள் எல்லாம் எடுத்துக்கொண்டு ஆறாவது அறையில் இறங்கியிருந்தான். அப்பா முகம் கழுவும் முன்பே சாச்சா வாசலில் நின்றார். சவரம் செய்து, வெள்ளைக் குர்தா போட்டு, மாப்பிள்ளை மாதிரி. அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பூட்ஸை எடுத்தார். டார்ச்சை எடுத்தார். கயிற்றை எடுத்து உதறினார்.

"ஏளா, இதுக்குள்ள ஒரு பச்சைக் கட்டு இருந்துச்சே?"

அம்மா நிதானமாக பீரோவைத் திறந்து இஸ்திரி போட்ட உறையைக் கொண்டுவந்தாள். "நல்ல ஆளு நீங்க. அடுத்தவிய வேதத்தைப் பூட்ஸுக்கு அடியிலயா வைக்கது? நான் முறைப்படி மசூதிப் பெட்டியில கொண்டுபோய்ப் போட்டுட்டேன். துணியத் தொவச்சி வச்சிருக்கேன், கொடுத்துருங்க" என்றாள்.

சாச்சாவுக்குத் தமிழ் தெரியாது. உறையை வாங்கிக்கொண்டு, நாடாவை அவிழ்த்து, உள்ளே கையை விட்டார். மூலை வரைக்கும் துழாவினார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா செருப்பைக்கூட மாட்டாமல் மழையில் ஓடினார். சாச்சாவும் பின்னால் ஓடினார். நான் சந்து முனை வரைக்கும் போனேன். மசூதிக் காவலர் கையை விரித்துக்கொண்டு நின்றார். ஆற்றில் வெள்ளம் நல்லபடி ஓடுகிறபோதே இறக்கிவிட வேண்டும் என்று போன வெள்ளிக்கிழமைதான் மூட்டை போயிருந்தது. இருவரும் ஆறு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆற்றில் என்ன பார்ப்பது? செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது என்று அப்பா சொன்னார்.

அப்பா விஷயத்தைச் சொன்னதும் அம்மா முதலில் கேட்டது இதுதான்: "அப்பம் அது வேதம் இல்லியா?" பிறகு அவள் அழுத அழுகையை எட்டு அறையும் கேட்டது. மறுநாள் காலை அப்பாவை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு ஆறாவது அறை வாசலில் போய் நின்றாள். சாச்சி கதவுக்குப் பின்னால் இருந்தாள், வெளியே வரவில்லை. சாச்சா எழுந்து நின்று கைகூப்பினார்.

"அழாதே, சகோதரி. என் கிறுக்கலை நீ வேதம் என்று நினைத்துவிட்டாய். இத்தனை வருஷத்தில் வேறு யாரும் அதற்கு இவ்வளவு பெரிய மரியாதை செய்ததில்லை."

எவ்வளவு பெரிய மனுஷன் என்று லைன் முழுவதும் பேசினார்கள். நானும் அவர் மன்னித்துவிட்டார் என்று நம்பி நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது எனக்கு அன்றைய அவரைவிட வயது கூடிவிட்டது. அது மன்னிப்பு அல்ல. வாசலில் ஒரு பெண் அழும்போது அவருக்குத் தெரிந்த மரியாதை அது, அவ்வளவுதான். காத்திப் அன்று மாலையே வண்டி ஏறினான்.

நினைவிலிருந்து எழுதலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். பென்சிலைக் கண்டால் வாயை மூடுகிற மனிதர் இப்போது தானே அப்பாவை அழைத்து, சுருக்கெழுத்து நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்து அறையில் அவர்கள் உட்கார்ந்திருந்த மாலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. முதல் அடி வரும். இரண்டாவது அடியில் நிற்பார். ஒரு சொல்லைச் சொல்லி, இல்லை என்பார். வேறொன்று சொல்லி, அதுவும் இல்லை என்பார். முப்பது வருஷமாக மாற்றி மாற்றி எழுதிய எல்லா வார்த்தைகளும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. எது கடைசியாக வைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அது தாளுக்குத்தான் தெரியும். அவர் படிக்கக் கேட்டிருந்த டீக்கடை நண்பர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி, சத்தியமும் செய்தார்கள். குதிரை அடியைப் பற்றி அப்பா தமிழில் வைத்திருந்த பொருளைத் திருப்பி உருதுவில் விளக்கினார். "ஆமாம், அது என்னுடையதுதான். ஆனால் எந்த வார்த்தைகளில்?" என்று கேட்டார் சாச்சா. அதன்பிறகு அவர் விடியற்காலையில் குதிரைகளுக்குப் பின்னால் போவதில்லை. தாளம் கேட்டால் வார்த்தை வரும் என்று கொஞ்ச நாள் போனார், தாளம் மட்டும் வந்தது.

குளிர்காலத்தில் ஒரு செய்தி வந்தது. காம்ப்பில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிறு மதியம் முஷாயிரா, அதாவது கவிஞர்கள் கூடிப் படிக்கும் கூட்டம். பம்பாயிலிருந்து அந்தத் திருட்டு மாணவன் வருகிறான். சாச்சாவின் முகத்தில் அன்றைக்குத்தான் மறுபடியும் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

"என்னுடைய பத்துப் பன்னிரண்டு அவனிடம் இருக்கிறது, ஸ்டெனோ சாப். முழுசாக இருக்கிறது. திருடியவன் பத்திரமாக வைத்திருப்பான். அவன் படிக்கட்டும், நீங்கள் சுருக்கெழுத்தில் பிடித்துவிடுங்கள். எந்தப் பெயரில் இருந்தால் என்ன?"

அப்பாவுக்கு உருது அரைகுறைதான். ஆனாலும் ஒலியைப் பிடித்தால் போதும் என்று மூன்று பென்சில் சீவி வைத்துக்கொண்டார். அலுவலகத்துக்குப் போகிற மாதிரி கோட்டும் டையும் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் சாச்சியோடு பெண்கள் பக்கத்தில், திரைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். திரை விலகிய இடத்தில் மேடை தெரிந்தது.

மாணவன் தலை நரைத்து, ஷெர்வானி போட்டு, வாட்டசாட்டமாக இருந்தான். பழைய குருவைக் கண்டதும் மேடையிலிருந்து இறங்கி வந்து முழங்காலைத் தொட்டான். முன்வரிசையில் உட்கார வைத்தான். சாச்சா அவன் காதில் ஏதோ சொன்னார். நிதானமாகப் படி, நான் கேட்க வந்திருக்கிறேன் என்று மட்டும்தான் சொன்னாராம். பிறகு மாணவன் குருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான். கோட்டு, டை, மடியில் நோட்டு, கையில் கூராகச் சீவிய பென்சில். அவன் முகம் மாறியது எனக்குத் திரைக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது.

அப்பா சாகிற வரைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொண்டது அதற்காகத்தான். "கோர்ட்டுக்குச் சாட்சி எழுதப்போற குமாஸ்தா மாதிரி உக்காந்திருந்தேன். அவன் என்ன நெனப்பான்?" என்பார்.

அவன் திருடியவற்றில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. தன்னுடைய சொந்தக் கவிதைகளைப் படித்தான். அவை நன்றாக இல்லை போல, கூட்டம் இருமியது. சாச்சா மட்டும் ஒவ்வொன்றுக்கும் "முகர்ரர்" என்றார். மறுபடி சொல்லுங்கள் என்று கேட்கும் வார்த்தை அது. அடுத்ததாவது வரும், அதற்கடுத்ததாவது வரும் என்று கையை நீட்டி நீட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் சாச்சி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கூட்டம் முடிந்தது. மாணவன் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தக் கஸல்களை அவன் எங்குமே படிக்கவில்லை என்றும், பின்னால் வந்த அவன் புத்தகத்திலும் அவை இல்லை என்றும் கேள்வி. பயந்தவன் தன்னிடம் இருந்ததையும் அழித்துவிட்டான்.

அப்பாவின் நோட்டில் அந்தப் பக்கத்தில் தேதி மட்டும் இருந்தது.

சாச்சா அதற்குப் பிறகு ஆறேழு வருஷம் இருந்தார். கொள்ளுக்கணக்கு எழுதினார், டீ குடித்தார், என்னிடம் பரீட்சை எப்படி என்று கேட்டார். எழுதவில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், ரேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே போய்விட்டார். சாச்சி சோலாப்பூரில் தம்பி வீட்டுக்குப் போனாள். போகும்போது பச்சை உறையை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். கோபத்திலா, நினைவுக்காகவா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அம்மா அதில் எதையும் வைக்கவில்லை, தூரவும் போடவில்லை.

இத்தனையும் சொன்னது கடைசியில் ஒன்றைச் சொல்லத்தான். அப்பா என்னிடம் ரகசியம் சொன்ன விஷயத்தை அம்மாவிடம் சொல்லவே இல்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார். அம்மா விஷ்ராந்த்வாடியில் என் வீட்டில்தான் இருந்தாள். அப்பா போனபிறகு பக்கவாதம் வந்து, ஒரு கை விழுந்து, இரண்டு வருஷம் கட்டிலில் கிடந்தாள். வேதம் வாசிக்கச் சொல்லுவாள். நான் வாசிக்கும்போது சில நாள் அந்த இரண்டு பத்திக்கு நடுவில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுப்பாள். இன்று சொல்லிவிடலாம், இன்று சொல்லிவிடலாம் என்று நானும் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு மதியம் அவளே கேட்டாள்.

"ஏட்டீ, அன்னைக்கு அந்தக் கட்டு யாருதுன்னு ஒனக்கு நெசமாவே தெரியாதுல்லா?"

நாற்பது வருஷம் கழித்து, அதே கேள்வி. இந்தத் தடவை அடிக்க அவள் கையில் வலு இல்லை, மாட்டிக்கொள்ள அப்பா இல்லை, எனக்கும் தலை நரைத்துவிட்டது.

"தெரியாதும்மா" என்றேன்.

"அப்பம் சரி" என்றாள் அம்மா. "நீ சின்னப் பிள்ளை. பாவம் எனக்கு மட்டுந்தான்."

வேதப்புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.